ஆற்றுவதா, ஆற்றுப்படுத்துவதா? அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி பற்றிய ஒரு நீண்ட விவாதம்

யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, வந்தவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது? அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைச் சுற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் அனைத்தையும் இந்த ஒற்றைக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். இவை ஈராண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள். நுழைவுத் தேர்வில் தகுதி பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். நாடு முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 116. பள்ளி முடித்த பதினெட்டு வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய், படையிலிருந்து திரும்பியவர், ஆங்கிலம் கற்கவந்த குடியேறி என நால்வரும் அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பது அன்றாடக் காட்சி.

விவாதத்தைத் தூண்டுவது ஓர் எளிய கணக்கு. இக்கல்லூரிகளில் புதிதாகச் சேரும் 100 பேரில் சுமார் 80 பேர், என்றாவது ஒருநாள் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெறுவதே தங்கள் எண்ணம் என்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பட்டத்தைக் கையில் வாங்குகிறவர்கள் சுமார் 16 பேர். எண்ணத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள்.

தமிழில் இந்தப் பிளவைச் சுட்ட அருகருகே இரண்டு சொற்கள் கிடக்கின்றன. ஆற்றுதல் என்றால் சூட்டைத் தணிப்பது. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டி அனுப்புவது. அதிலுள்ள ‘ஆறு’ வழியைக் குறிக்கும். கல்லூரிகளில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவரை ஆற்றுப்படுத்துநர் என்றே அழைக்கிறோம். சமுதாயக் கல்லூரி தன் மாணவர்களை ஆற்றுப்படுத்துகிறதா, அல்லது அவர்களுடைய ஆசையை மெல்ல ஆற்றிவிடுகிறதா என்பதே விவாதத்தின் மையம். வளாக வாழ்வு பற்றிய கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது.

பள்ளிக்குள் பிறந்த கல்லூரி

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாக ஆறு மாணவர்களோடு ஒரு ‘இளநிலைக் கல்லூரி’ தொடங்கியது. பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து வகுத்த திட்டம் அது. பல்கலைக்கழகம் உயர் ஆய்வில் கவனம் செலுத்தட்டும், மாணவர்கள் முதல் இரண்டாண்டுப் படிப்பை வேறிடத்தில் முடித்துவிட்டு வரட்டும் என்பது ஹார்ப்பரின் எண்ணம். ஆகவே, ஊர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த நிறுவனமே, அவர்களைப் பல்கலைக்கழக வாசலிலிருந்து சற்று எட்டவைக்கும் நிறுவனமாகவும் பிறந்தது. பின்னாளைய விவாதத்தின் இரு முனைகளும் இந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன.

கலிஃபோர்னியா 1907இல் சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரி அளவிலான பாடங்களை நடத்த வழி செய்தது. 1910இல் ஃபிரெஸ்னோவில் அம்மாநிலத்தின் முதல் கல்லூரி உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புச் செலவைக் கொடுத்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல் அளித்த அறிக்கை, ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரைப் பரவலாக்கி, அதைச் சனநாயகத்தின் தேவையாகவே முன்வைத்தது. 1960இல் வந்த கலிஃபோர்னியாவின் உயர்கல்விப் பெருந்திட்டம் படிநிலையை எண்களில் எழுதியது: பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எவருக்கும் ஈராண்டுக் கல்லூரி. அங்கே நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியும் கூடவே இருந்தது. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பதைத்தான் பின்வந்த ஆய்வுகள் அளந்து பார்த்தன.

முதல் பதில்: ஆசையைத் தணிக்கும் கல்லூரி

பெருந்திட்டம் வெளியான அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே நகரின் ஈராண்டுக் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ‘ஆற்றுதல்’ என்று பொருள்படும்படி அவர் கையாண்ட சொல், சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. சூதாடி ஏமாற்றும் கும்பல் ஒருவரிடம் பணத்தைப் பறித்தபின், கும்பலில் ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். பறிகொடுத்தவரைத் தேற்றி, கூச்சல் போடாமல் வீட்டுக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை. எல்லோரையும் மேலே வரலாம் என்று அழைத்துவிட்டு எல்லோருக்கும் இடம் வைக்காத சமூகத்துக்கும் அப்படித் தேற்றுகிற ஒருவர் தேவை. ஈராண்டுக் கல்லூரி அந்த வேலையைச் செய்கிறது என்றார் கிளார்க்.

அவர் காட்டிய படிகள் நுணுக்கமானவை. பொறியாளராக வேண்டும் என்று வரும் மாணவருக்கு முதலில் ஒரு தகுதித் தேர்வு. மதிப்பெண் குறைந்தால் முன்தயாரிப்பு வகுப்பு. பிறகு ஆலோசகருடன் உரையாடல். ‘கல்லூரி அறிமுகம்’ என்ற பாடத்தில், தன் திறனையும் தான் விரும்பும் தொழிலையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் பயிற்சி. அடுத்து, முன்னேற்றம் தேவை என்ற அறிவிப்பு. அதன்பின் நிபந்தனையோடு தொடரும் நிலை. இவை ஒவ்வொன்றும் கோப்பில் ஏறும். எவரும் ‘நீ தகுதியற்றவன்’ என்று சொல்வதில்லை. பொறியாளர் ஆகாவிட்டால் என்ன, பொறியாளரின் தொழில்நுட்ப உதவியாளர் ஆகலாமே என்ற மாற்று மட்டும் மெல்ல முன்னே நகர்த்தப்படும். ஒரு கட்டத்தில் அதை மாணவரே தன் முடிவாக எடுத்துக்கொள்வார். இந்த ஏற்பாடு வெளியே தெரிந்துவிட்டால் வேலை செய்யாது என்பதையும் கிளார்க் சேர்த்தே சொன்னார்.

இக்கருத்தின் பலம், தனி ஆளின் தோல்வி என்று தோன்றியதை நிறுவனத்தின் பணியாகக் காட்டியதில் இருக்கிறது. பலவீனங்கள் இரண்டு. ஒரே கல்லூரியிலிருந்து நாடு முழுமைக்கும் பேசியது முதலாவது. அந்தக் கல்லூரியே இல்லாதிருந்தால் அந்த மாணவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்ற கேள்வியைத் தரவோடு தொடாதது இரண்டாவது. 1980இல் தன் கருத்துக்கு மீண்டும் திரும்பிய கிளார்க், இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகள் இதைவிடக் கடுமையானவையாக இருக்கக்கூடும் என்று வாதிட்டார். அவரைப் பொறுத்தவரை இது குற்றச்சாட்டாக அல்ல, ஓர் இக்கட்டின் விவரிப்பாகவே இருந்தது. பின்வந்தவர்கள்தான் அதைக் குற்றச்சாட்டாக வாசித்தார்கள்.

2002இல் ரெஜினா டீல்-ஏமனும் ஜேம்ஸ் ரோசன்பாமும் வேறொரு சிக்கலைக் காட்டினர். அவர்கள் பார்த்த கல்லூரிகளில் ஆலோசகர்கள் ஆசையைத் தணிக்கவில்லை. மாறாக, மாணவர் மனம் நோகக்கூடாது என்று முன்தயாரிப்பு வகுப்புக்கு இருந்த இழிவை நீக்கிப் பேசினார்கள். விளைவு, தாம் எடுக்கும் பாடங்கள் பட்டத்துக்குக் கணக்கில் சேராதவை என்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவரும்போது காலமும் பணமும் கரைந்திருந்தன. கடுமையான சொல்லால் மட்டுமல்ல, கனிவான மௌனத்தாலும் ஆசை ஆறிப்போகலாம் என்பதை இந்த ஆய்வு விவாதத்தில் சேர்த்தது.

இரண்டாவது பதில்: திருப்பிவிடப்பட்ட கனவு

1972இல் ஜெரோம் கராபெல் கிளார்க்கின் கருத்தை வர்க்கப் பகுப்பாய்வாக மாற்றினார். உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் உயர்கல்விக்குள் வந்துவிட்டார்கள் என்ற தோற்றத்தின் அடியில், உயர்கல்வியே அடுக்குகளாகப் பிரிந்துவிட்டது. ஏழைகள் கீழடுக்கில் சேர்ந்தார்கள் என்பது அவர் வாதம். 1989இல் ஸ்டீவன் பிரின்ட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், இந்த நோக்கின் முதன்மையான வரலாறாக நிற்கிறது. அதிலுள்ள வியப்பான முடிவு இது: ஈராண்டுக் கல்லூரிகள் தொழிற்பயிற்சிப் பக்கம் திரும்பியதற்கு மாணவர் விருப்பம் காரணமல்ல, மாணவர்கள் நெடுங்காலம் பல்கலைக்கழகப் பாதையையே கேட்டார்கள். முதலாளிகளின் நெருக்குதலும் முதன்மைக் காரணமல்ல. நல்ல வேலைகளுக்கான ஆள்தேர்வைப் பல்கலைக்கழகங்கள் கைப்பற்றிவிட்ட நிலையில், மிச்சமிருந்த இடத்தைத் தமக்கென்று பிடிக்க இக்கல்லூரிகளின் தலைவர்களே பல பத்தாண்டுகள் முயன்றதே காரணம்.

கெவின் டோஹர்ட்டி 1994இல் இதைத் திருத்தினார். கல்லூரித் தலைவர்கள் தனியாக எதையும் செய்யவில்லை. மாநில அதிகாரிகள், சட்டமன்றங்கள், உள்ளூர் வாரியங்கள் என்று பலர் தத்தம் நலன்களுக்காக இந்த அமைப்பை இழுத்தார்கள். ஆகவே ஒரே கட்டடத்துக்குள் பல்கலைக்கழக ஆயத்தம், தொழிற்பயிற்சி, முதியோர் கல்வி, ஆங்கில வகுப்பு எல்லாம் அடுக்கப்பட்டன. ஒன்றின் வெற்றி மற்றொன்றின் இழப்பாக ஆகும்படி அவை ஒன்றோடொன்று முரண்பட்டன.

இந்நோக்குக்கு எதிரான முக்கியமான ஆட்சேபம் தொழிற்பயிற்சியைத் தாழ்த்திப் பார்ப்பது பற்றியது. ஈராண்டுச் செவிலியர் படிப்பை முடித்தவர் பதிவுபெற்ற செவிலியராகலாம். அந்த வேலையின் ஊதியத்துக்குப் பல இளநிலைப் பட்டங்கள் ஈடாவதில்லை. ‘திருப்பிவிடுதல்’ என்ற சொல், எல்லோருடைய நியாயமான இலக்கும் இளநிலைப் பட்டமே என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லாத் தொழிற்பயிற்சியும் செவிலியர் படிப்பைப் போன்றதல்ல. குறுகிய காலச் சான்றிதழ்களின் பயன் துறைக்குத் துறை பெரிதும் மாறுகிறது. இவ்வாட்சேபத்தையும் அந்த எல்லைக்குள் வைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பதில்: எதனோடு ஒப்பிடுவது?

பொருளியலாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். ஒரு மாணவர் சமுதாயக் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார்? நேராகப் பல்கலைக்கழகத்துக்கா, அல்லது படிப்பை விட்டு வேலைக்கா? சிசிலியா ரவுஸ் 1995இல், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள தூரம் போன்றவற்றைக் கருவியாக வைத்து இதை அளந்தார். சமுதாயக் கல்லூரி மொத்தத்தில் மக்கள் படிக்கும் ஆண்டுகளைக் கூட்டுகிறது. இளநிலைப் பட்டம் பெறும் வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. உள்ளே இழுப்பதும் திசைதிருப்புவதும் ஒரே சமயத்தில் நடந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

2009இல் பிரிட்ஜெட் டெர்ரி லாங், மிக்கேல் குர்லேண்டர் இருவரும் ஓஹாயோ மாநிலத் தரவைப் பார்த்தனர். ஒத்த தகுதியுள்ளவர்களில் சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர், ஒன்பது ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெறும் வாய்ப்பு 14.5 சதவீதம் குறைவு என்றனர். டெக்சஸ் மாநிலப் பதிவேடுகளைக் கொண்டு ஜாக் மவுண்ட்ஜாய் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இரு விளைவுகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது. கல்லூரிக்கே போயிருக்காதவர்களுக்குச் சமுதாயக் கல்லூரி குறிப்பிடத்தக்க நன்மை தருகிறது. பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர்ந்திருக்கக்கூடியவர்களுக்கு அது இழப்பாகிறது.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. பால் அட்டெவெலும் டேவிட் மோனகனும் 2015இல், பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்களில் சுமார் 14 சதவீதத்தினரின் பழைய கிரெடிட்டுகள் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகுகள்) பெரும்பாலும் ஏற்கப்படவில்லை, அவர்கள் ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது என்று காட்டினார்கள். முன்பு பெற்ற கிரெடிட்டுகள் பெருமளவு ஏற்கப்பட்டவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. இது ஆசை குறைந்ததால் வந்த தோல்வி என்பதைவிட அலுவலக மேசையில் நேர்ந்த தோல்வி. கிளார்க்கின் கோட்பாடு இதை எதிர்பார்க்கவில்லை.

இந்த அளவீடுகள் விவாதத்தைத் தெளிவாக்கின என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாநிலத்தின் முடிவை இன்னொன்றுக்கு அப்படியே நீட்ட முடியாது. பட்டமும் ஊதியமும்தான் அளக்கப்படுகின்றன. மாணவர் நாள் முழுதும் எங்கே இருந்தார், யாரோடு பேசினார், எதனால் வகுப்புக்கு வராமல் போனார் என்பது பதிவேட்டில் இல்லை.

வளாக வாழ்வு என்ற புதிர்

அந்தக் குறையை நிரப்புவது, வளாக வாழ்வு பற்றிய பழைய ஆய்வு மரபு. வின்சென்ட் டின்டோ 1975இலும், பின்னர் 1987இல் வெளியான நூலிலும், மாணவர் கல்லூரியை விட்டு விலகுவதற்கு ஒரு விளக்கம் அளித்தார். பாடங்களோடும் சக மாணவர்களோடும் எந்த அளவுக்குப் பிணைகிறாரோ அந்த அளவுக்கு அவர் நிலைப்பார் என்பது அதன் சாரம். விடுதி, விளையாட்டு, மன்றங்கள், ஆசிரியர் அறையில் நீளும் பேச்சு ஆகியவற்றை முன்னிறுத்திய இந்தப் படிமத்துக்குள் சமுதாயக் கல்லூரி பொருந்தவில்லை.

அதன் காரணத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். காலை வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்துமிடம் காலியாகும். மாலை ஐந்தரைக்கு வேலை முடித்து வருகிறவர்களால் மறுபடி நிரம்பும். பெரும்பாலான கல்லூரிகளில் விடுதி இல்லை. ‘பதின்மூன்றாம் வகுப்பு’ என்றும், ‘சாம்பல் கிண்ணம் வைத்த உயர்நிலைப் பள்ளி’ என்றும் நிலவிய கேலிப் பெயர்கள், வளாகம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை என்ற எண்ணத்திலிருந்து வந்தவை. வாரநாள் ஒன்றின் நடுப்பகலில் எந்த வகுப்பும் வைக்காமல் மன்றக் கூட்டங்களுக்கென்று ‘கல்லூரி நேரம்’ ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்திலும் மதிய வேலைக்கு ஓடுகிறவரை அங்கே பார்க்க முடியாது.

ஜான் பீனும் பார்பரா மெட்ஸ்னரும் 1985இல் மாற்றுப் படிமம் ஒன்றை வைத்தார்கள். வயது கூடிய, பகுதி நேரம் படிக்கும், வீட்டிலிருந்து வரும் மாணவரைப் பொறுத்தவரை நண்பர் வட்டத்தைவிட வேலை நேரம், பணம், குடும்பப் பொறுப்பு ஆகியவையே அவர் தொடர்வதைத் தீர்மானிக்கின்றன என்றார்கள். டின்டோவும் தன் நோக்கை விரித்தார். சியாட்டில் சென்ட்ரல் சமுதாயக் கல்லூரியில், ஒரே குழு மாணவர்கள் பல பாடங்களைச் சேர்ந்து படிக்கும் ஏற்பாட்டை ஆராய்ந்து 1997இல் எழுதினார். வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வகுப்பறையே வளாகம்; தோழமை உண்டாவதென்றால் பாடத்தின் நடுவில்தான் உண்டாகும் என்பது அவர் வந்தடைந்த இடம். டீல்-ஏமன் 2011இல் இன்னும் நுண்ணிய ஒன்றைச் சொன்னார். நீண்ட நட்பு வேண்டியதில்லை. வகுப்பு முடிந்து கதவருகே இரண்டு நிமிடம் நின்று, ‘அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய்?’ என்று கேட்கும் ஓர் ஆசிரியரோ சக மாணவரோ போதும். பாடமும் உறவும் ஒரே கணத்தில் நிகழ்கிற அத்தகைய தருணங்கள் மாணவரைத் தங்கவைக்கின்றன.

இந்த ஆய்வு மரபின் கடினமான சிக்கல் காரணகாரியம். மன்றங்களில் சேர்கிறவர்கள் படிப்பை முடிக்கிறார்கள் என்றால், சேர்ந்ததால் முடித்தார்களா, முடிக்கக்கூடியவர்களே சேர்ந்தார்களா? 1918இல் தொடங்கிய ஃபை தீட்டா காப்பா என்ற ஈராண்டுக் கல்லூரிச் சிறப்பு மாணவர் சங்கத்தினர் மேற்படிப்புக்குப் போகிறார்கள் என்பதை வைத்துச் சங்கத்தின் பயனை மதிப்பிட முடியாது. சேர்வதற்கே நல்ல மதிப்பெண் வேண்டும்.

இலை போட்ட பந்தியும் பஃபே மேசையும்

இன்னொரு நோக்கு, மாணவரின் ஆசையையோ நட்பையோ பார்க்காமல் கல்லூரியின் அமைப்பைப் பார்க்கிறது. தாமஸ் பெய்லி, ஷானா ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் மூவரும் 2015இல் எழுதிய நூல், சமுதாயக் கல்லூரி ஒரு தானே எடுத்துச் சாப்பிடும் உணவகம்போல இயங்குகிறது என்றது. நூற்றுக்கணக்கான பாடங்கள் மேசையில் பரப்பப்பட்டிருக்கும். எது எதோடு சேரும், எது பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று சொல்ல ஆள் இல்லை. அவர்கள் முன்வைத்தது பந்திமுறை: இலை போட்டு, வரிசையாகப் பரிமாறுவதுபோல் துறைவாரியாக வகுத்த பாடப்பாதை.

அமைப்பு எப்படி ஆளைக் கரைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஈராண்டுப் பட்டத்துக்கு 60 கிரெடிட் வேண்டும்; மூன்று கிரெடிட் வீதம் 20 பாடங்கள். பருவத்துக்கு இரண்டு பாடம் மட்டுமே எடுக்க முடிகிறவருக்கு ஈராண்டுப் படிப்பு ஐந்தாண்டு ஆகிறது. அதற்கு முன் மூன்று படி முன்தயாரிப்புக் கணித வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியையும் தாண்டி அடுத்ததில் சேர்பவர் 70 சதவீதம் என்றால், மூன்று படி முடிவில் எஞ்சுவது 34 சதவீதம். யாரும் யாரையும் தணிக்கவில்லை. வரிசையின் நீளமே அதைச் செய்துவிடுகிறது. இந்தத் தர்க்கத்தை ஏற்று, கலிஃபோர்னியா 2017இல் இயற்றிய சட்டம் பெரும்பாலானோரை நேராகக் கல்லூரிக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சேர்க்க வழி செய்தது. முதலாண்டிலேயே அப்பாடங்களை முடிப்போர் பெருகினர். கூடவே, தயாரிப்பில்லாமல் சேர்ந்து தோற்பவர்களைப் பற்றிய கவலையும் ஆசிரியர்களிடம் எழுந்தது.

மிக வலுவான சான்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வருகிறது. முழு நேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் மாணவருக்கு, நிதியுதவி போக எஞ்சும் கட்டணம் தள்ளுபடி, பாடநூல், பயண அட்டை, குறைவான மாணவர்களைக் கவனிக்கும் ஆலோசகரோடு அடிக்கடி சந்திப்பு ஆகியவை மூன்றாண்டுகளுக்குக் கிடைத்தன. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து எம்.டி.ஆர்.சி. நிறுவனம் நடத்திய ஆய்வில், மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். இல்லாதவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு 60 சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஆனால் ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. ஓஹாயோவில் மூன்று கல்லூரிகளில் இதே முறையைச் செய்துபார்த்தபோதும் பட்டம் பெற்றோர் ஏறக்குறைய இரட்டித்தனர்.

இந்நோக்குக்கும் எல்லைகள் உண்டு. முழு நேரம் படிக்க முடியாதவரை நியூயார்க் திட்டம் சேர்ப்பதில்லை. அத்தகையவர்களே பல கல்லூரிகளில் பெரும்பான்மை. தொடக்கத்திலேயே துறையைத் தேர்ந்து பாதையில் ஏறச் சொல்வது, தேடிப்பார்க்கும் உரிமையைச் சுருக்குகிறது என்ற விமர்சனமும் இருக்கிறது. முப்பது வயதில் முதன்முதலாகத் தத்துவ வகுப்பில் உட்கார்ந்து பாதை மாறுகிறவருக்குப் பந்தி வசதிப்படாது. வகுத்த பாதையே நாளை இன்னொரு நாகரிகமான தணிப்பாக மாறாது என்பதற்கும் உத்தரவாதமில்லை.

கட்டணமும் பசியும்

கலிஃபோர்னியாவில் இக்கல்லூரிகளின் படிப்புக்கு 1984 வரை மாநில அளவிலான கட்டணமே கிடையாது. இன்று ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர்; 2012இலிருந்து மாறவில்லை. டென்னசி 2015இலிருந்து பள்ளி முடிப்போருக்குக் கட்டணமில்லாப் படிப்பை அறிவித்தது; அதே ஆண்டு ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒபாமா நாடு முழுவதற்கும் அதை முன்மொழிந்தார், நிறைவேறவில்லை. இத்திட்டங்கள் ‘கல்லூரி எட்டாத தொலைவு’ என்ற எண்ணத்தை உடைக்கின்றன என்பர் ஆதரவாளர்கள். மிக ஏழைகளின் கட்டணத்தை மத்திய அரசின் உதவித்தொகை ஏற்கெனவே ஈடுசெய்துவிடுகிறது, அவர்களைத் தடுப்பது வாடகையும் சாப்பாடும்தான் என்பர் விமர்சகர்கள். சாரா கோல்ட்ரிக்-ராப் போன்றோரின் ஆய்வுகள் வளாகத்துக்குள் இருந்த பசியைப் பேசுபொருளாக்கின. அரிசி, டின்னில் அடைத்த பயறு, குழந்தைக்கான டயப்பர் அடுக்கிய உணவு அலமாரி இன்று பல கல்லூரிகளில் நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2021இல் கலிஃபோர்னியா, ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியிலும் அடிப்படைத் தேவைகளுக்கான மையம் இருக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. வளாக வாழ்வு என்ற சொல்லின் பொருளே இதனால் விரிந்துவிட்டது: மன்றமும் விளையாட்டும் இருந்த பட்டியலில் உணவும் உறங்கும் இடமும் சேர்ந்தன.

சென்னைக்கு வந்த சொல்

‘சமுதாயக் கல்லூரி’ என்ற சொல் தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. ஏசு சபைப் பாதிரியார் சேவியர் அல்ஃபோன்ஸ் இவ்வியக்கத்தை நாடெங்கும் பரப்பினார். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்தது. 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித் திட்டம் வகுத்தது. பெயர் ஒன்றானாலும் உருவம் வேறு. இங்கே பரவிய மாதிரி, பள்ளியில் இடைநின்றவர்களுக்கும் வறியவர்களுக்கும் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப்பயிற்சி ஆகியவற்றைக் குறுகிய காலத்தில் தந்து வேலைக்கு அனுப்புவது. பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்ற பெரிய வாக்குறுதி தரப்படவில்லை; ஆகவே அதை முறித்த குற்றச்சாட்டும் எழவில்லை. ஆனால் பட்டயம் பெற்றவர் மேலே படிக்க விரும்பினால் படிக்கட்டு எங்கே என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க விவாதம் அதற்கு ஓர் எச்சரிக்கை தருகிறது: படிக்கட்டைக் கட்டுவது தொடக்கம்தான், ஏறுகிறவரின் கிரெடிட் வழியில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இந்த நோக்குகளையெல்லாம் அருகருகே வைத்தால், அவை வெவ்வேறு மாணவர்களைப் பார்த்துப் பேசுகின்றன என்று தோன்றுகிறது. கிளார்க்கும் கராபெலும் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கக்கூடியவரை மனத்தில் வைத்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் அவரையும், எங்குமே போயிருக்காதவரையும் பிரித்தார்கள். வளாக ஆய்வாளர்கள் சேர்ந்தபின் தனித்துப்போகிறவரையும், அமைப்பை ஆராய்ந்தவர்கள் சேர்ந்தபின் வழி தெரியாமல் நிற்பவரையும் கண்டார்கள். இவ்வளவு பேரையும் ஒரே கதவு வழியாக உள்ளே விட்டதுதான் இந்நிறுவனத்தின் சாதனை. ஒரே பதிலால் இதை மதிப்பிட முடியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. கல்லூரிக்கே வராதிருந்திருக்கக்கூடியவருக்கு இவ்வமைப்பு நன்மை செய்கிறது. குறைந்த ஆசையைவிட நீண்ட வரிசையும் தொலைந்த கிரெடிட்டும் பலரை வீழ்த்துகின்றன. பணமும் நேரமும் நெருங்கிய ஆலோசனையும் ஒருசேரக் கிடைக்கும்போது முடிவுகள் பெரிதாக மாறுகின்றன.

தீராதவையும் உண்டு. நியூயார்க் திட்டத்தில் வேலை செய்தது பயண அட்டையா, ஆலோசகரா, இரண்டின் சேர்க்கையா என்று பிரித்துச் சொல்வது கடினம். பகுதி நேர மாணவருக்கு அதற்கு இணையான ஏற்பாடு எப்படியிருக்கும் என்பதற்கு நிறைவான விடை இல்லை. இணையவழி வகுப்புகள் பெருகியபின், கதவருகே நின்று பேசும் அந்த இரண்டு நிமிடத்துக்கு மாற்று எது என்பதும் திறந்தே இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் வழி சொல்பவர், அந்த வழியே போய்ப் பரிசில் பெற்றுத் திரும்புகிற இன்னொரு கலைஞர். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எங்கே யார் என்ன உணவு தருவார்கள் என்பதும் அவர் சொல்லும் வழியில் அடக்கம். இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால், சமுதாயக் கல்லூரி வாசலைத் திறந்துவைப்பதில் நூறாண்டுப் பயிற்சி பெற்றிருக்கிறது. இப்படி வழி சொல்லி அனுப்புவதைச் சில இடங்களில் மட்டுமே, கூடுதல் செலவோடு, செய்துகாட்டியிருக்கிறது. அதை எல்லாக் கல்லூரிகளிலும், பகுதி நேரம் படிப்பவருக்கும் செய்ய முடியுமா என்பதே இன்று எஞ்சி நிற்கும் கேள்வி.